சாப்பாட்டு மேசையில் கொண்டோர்

பொரித்த மீன் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். இடப்பக்கச் சிறகில் பெயின்ட் இன்னும் காயவில்லை, மேசையை அசைத்துவிடாதே என்றார் ஹோரேஸ். ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இல்லை. அது ஜெர்மன்காரனின் விமானத்தளமாகிவிட்டது. கல்யாணம் முடித்து நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, நானும் என் புருஷனும் ஆளுக்கொரு கதிரையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

எல்லாம் எங்கள் மகள் தானியா செய்த வேலை. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ஹோரேஸுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. எங்கள் டச்பார் கடற்கரையில் படகு இஞ்சின் திருத்தியே காலத்தைக் கழித்த மனிதருக்கு ஒரு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் டொக்டர். மெல்பேணில் இருக்கும் தானியா கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிகத் துண்டுகள் உள்ள பிளாஸ்டிக் விமானம் எது என்று கேட்டு வாங்கி அனுப்பிவைத்தாள். ஒரு மெழுகுதிரி அச்சு அனுப்பியிருக்கலாம். அல்லது ஒரு பெட்டி பாசிமணி.

அதன் பெயர் கொண்டோர். இரண்டாம் உலக யுத்தத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே பதினான்கு மணித்தியாலம் சுற்றி, பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடிப் பிடிக்குமாம். கண்டால் தானே குண்டு போடும், இல்லையென்றால் நீர்மூழ்கிகளுக்குக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதை முதலில் செய்தது ஆட்களை ஏற்றத்தானாம். இருபத்தாறு பயணிகள் சொகுசாக இருந்து போன விமானத்தில் துவக்கையும் குண்டையும் ஏற்றினால் தாங்குமா? தரையில் இறங்கும்போது சிறகுக்குப் பின்னால் முதுகு முறிந்து விழுந்ததாம், ஒன்றல்ல, பல. இதையெல்லாம் நான் கேட்டேனா? கேட்கவில்லை. குளிக்க வார்க்கும்போதும், சோற்றைப் பிசைந்து கொடுக்கும்போதும் அவராகவே சொல்வார். கூப்பன்கடை மனேஜரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, கொண்டோருக்கு எத்தனை இஞ்சின் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

என் அவதி வேறு. தானியாவுக்கு ஓகஸ்ட் கடைசியில் தலைப்பிள்ளை பிறக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் விசா வந்து மூன்று கிழமை. டிக்கெட் போடவா என்று அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கிறாள். இவரைக் கேட்டால், இது முடியட்டும் என்கிறார். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் மூன்று நாள் காய வேண்டுமாம். இன்னும் நாலு பூச்சு இருக்கிறதாம். குழந்தை இவருடைய பெயின்ட் காயும்வரை வயிற்றுக்குள் காத்திருக்குமா?

அதனால்தான் வெள்ளிக்கிழமை அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் வைத்தேன். எங்கள் வீட்டில் எது ஈரமானாலும் அங்கேதான் காயும். மிளகாய், கருவாடு, தலையணை எல்லாம். கச்சான் என்கிற சுடுகாற்று வீசுகிற மாதம், மூன்று நாள் வேலையை அந்தத் தகரம் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் என்று கணக்குப் போட்டேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் தகரச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, இரண்டு சிறகும் மழையில் நனைந்த காகத்துடையதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. பதறிப்போய்த் தூக்கினேன். முதுகு நடுவில் இரண்டானது.

அவர் எழும்பியதும் இரண்டு துண்டையும் மடியில் கொண்டுபோய் வைத்தேன். கெதியாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டேன் என்றேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, உண்மையான விமானமும் இதிலேதான் முறிந்தது என்றார். அந்தச் சொல்லோடு என் பொறுமை போனது.

“இன்னொண்டு எடுப்பிச்சு இன்னும் அஞ்சு மாசம் இருக்கப்போறீங்களா? எனக்கு என்ட புள்ளயப் பாக்கணும். அவள் பெத்தெழும்பக்குள்ள நான் பக்கத்தில நிக்கணும்.”

“நீ போ, ஜீன்,” என்றார். “நான் வரல்ல. தானியாவுக்குப் பொறக்கப்போறது ஒரு புள்ளதான். நானும் போனா ரெண்டாயிரும்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சுலோஜனா மத்தியானச் சோறு தருவாளாம். அவள் புருஷன் உதயரூபன் பின்னேரம் வந்து குளிக்க வார்ப்பானாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு ஒரு மாதமாகிறதாம். கடைசி நாற்பது துண்டுகளையும் வலது கையால் மட்டும்தான் ஒட்டினாராம். முழுதாக முடித்து என் கையில் தந்து, இந்தக் கையை நம்பி நீ போகலாம் என்று சொல்ல இருந்தாராம். நாற்பது துண்டு ஒட்டிய கையை நான் பார்க்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மேசையைத்தான் பார்த்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு மாதமாகத் தெரிந்த விஷயம் வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ விடமாட்டாய்.”

உண்மைதான். அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. நீங்கள் இல்லாமல் நானும் போகமாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் எனக்குப் போக ஆசையாக இருந்தது. தனியாகப் போகவும் ஆசையாக இருந்தது. அது எனக்கே வெட்கமாகிப் போனது. அடுப்படிக்குப் போய், குழைந்துபோன சோற்றை இறக்கினேன்.

ஞாயிறு காலை, பூசைக்குப் போக வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுவிடப் போனேன். வேண்டாமென்று தலையை ஆட்டி, அதைத் தானே வாங்கிக்கொண்டார். இடது கையை நீட்டி, வலது கையை நுழைத்து, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி எப்படியோ மாட்டிவிட்டார். பிறகு கீழேயிருந்து பொத்தான் போடத் தொடங்கினார். முதல் பொத்தான் துளைக்குள் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. இரண்டாவதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டார், நெற்றி வேர்த்தது. மாதா கோயில் மணி அடித்தது. மூன்றாவது பொத்தான் துளையின் விளிம்பில் பாதி நுழைந்து நின்றது. எட்டிப் போட எனக்கு ஒரு நொடி போதும். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.