கோட்டைக்குள் இருப்பவனுக்குச் சோறு யார் போடுவது?

1

சிவகாசியைப் பற்றிக் கதை என்றால் வெடிவிபத்து இல்லாமல் யாரும் விடமாட்டார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்: ‘அன்று காலை நாரணாபுரத்து வானம் கரும்’... வேண்டாம், அடித்துவிட்டேன். உண்மையில் இந்தக் கதை பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் கிடைத்தது. விளையாட்டில் ஒளிந்துகொள்வது நியாயமா என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சாத்தூர் வரை சண்டை போட்டார்கள். மீதி என் கைச்சரக்கு. (இதில் யாரும் சாகமாட்டார்கள். காய்கள் மட்டும் வெட்டுப்படும்.)

2

வருஷம் 2006. காளீஸ்வரன் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். யார் யார் கடைப் பெயரையோ போட்ட காலண்டர்களை வெட்டி அடுக்கியே சலித்தவனுக்கு, தன் பெயர் போட்ட பெட்டி ஒன்று கடையில் தொங்க வேண்டும் என்று ஆசை. ‘கோட்டை’ என்று ஒரு போர் விளையாட்டைக் கண்டுபிடித்தான். ஆளுக்கு ஐந்து வீரர்கள். அடி வந்தால் கேடயத்தால் தடுக்கலாம், அல்லது கோட்டைக்குள் பதுங்கலாம். கடைசிவரை உயிரோடு இருப்பவனே ஜெயித்தவன். காலண்டர் சீசனுக்கு முன்பு மெஷின் ஒருநாள் சும்மா நிற்கும், அன்றைக்கு அச்சடித்துத் தருகிறேன் என்று முதலாளி அய்யாதுரை வாக்குக் கொடுத்திருந்தார்.

3

சோதனை ஆட்டத்துக்கு மனைவி பானுப்பிரியாவும், அவளோடு பட்டாசு ஆலைக்குப் போகிற சின்னத்தாயும் பேச்சியம்மாளும் உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் பதுங்கவில்லை. தாக்குதல் வருகிறது என்று சொல்லும் முரசு அட்டை விழுந்ததும் வீரர்களை வெட்டவெளிக்கு விரட்டினார்கள்.

“ஏ பானு, கோட்டை எதுக்கு இருக்கு? உள்ள போயேன்.”

“சத்தம் கேட்டா எவளாச்சும் உள்ள போவாளா? கூறு இல்லாமப் பேசுறீக.”

பட்டாசு அறையில் பல பக்கம் கதவு வைப்பதே வெடிச்சத்தம் கேட்டால் வெளியே ஓடுவதற்குத்தான். அது அவனுக்கு உறைக்கவில்லை. பதுங்கும் விதிக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போனான். கோட்டைக்குள் அடி விழாது. காயமும் ஆறும். எத்தனை சுற்று வேண்டுமானாலும் இருக்கலாம்.* அப்போதும் அவர்கள் ஓடினார்கள்.

* நானாக இருந்தால் ஏசியும் வைத்திருப்பேன்.

4

அச்சடிக்கும் நாளன்று அய்யாதுரையே ஆட உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே ஐந்து வீரர்களையும் கோட்டைக்குள் அனுப்பிவிட்டு டீ வரவழைத்தார். காளீஸ்வரனும் பானுப்பிரியாவும் வெளியே வெட்டிக்கொண்டு மாண்டார்கள்.

“ஏலே காளி, பிரமாதம்லே! நான் ஒரு அடி நகரல, பாத்தியா? அப்படியே மெஷின்ல ஏத்து.”

பானுப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை. “உள்ளயே இருக்கிறவுகளுக்குச் சோறு யாரு போடுறது? சுத்துக்கு ஒரு மூட்டை அரிசி குறையணும். தீந்துட்டா வெளிய வரணும்.”

காளீஸ்வரனுக்குச் சிலிர்த்துப்போனது. இத்தனை நாள் தேடியது இந்த ஒரு விதியைத்தான்.

அய்யாதுரையின் முகம் சுண்டிவிட்டது. “அப்ப நான் எப்படிலே ஜெயிக்க? அரிசியும் வேண்டாம், பருப்பும் வேண்டாம். இருக்கிறபடி அடிக்கிறதுன்னா அடி. இல்லாட்டி வேற பிரஸ் பாத்துக்கோ.”

5

முடிவு அ: காளீஸ்வரன் தலையாட்டுகிறான். பெட்டி கடையில் தொங்குகிறது, அவன் பெயரோடு. வாங்கிய வீடுகளில் எல்லோரும் கோட்டைக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பானுப்பிரியா அதைத் தொடவே இல்லை.

முடிவு ஆ: அவன் மறுக்கிறான். முதலாளி மனம் மாறி அவன் தோளைத் தட்டி... எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

மெஷின்காரர் சீனிவாசகம் மை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார். “அடிக்கவா, வேண்டாமா? சொல்லுப்பா.”

காளீஸ்வரன் வாயைத் திறக்கிறான். நான் எழுதவேண்டிய இடம் இதுதான். ஆனால் இந்தப் புத்தகமும் ஓர் அய்யாதுரையின் அச்சகத்தில்தான் அச்சாகிறது.

(ஆகவே நான் அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டேன். இங்கே அடி விழாது. அவன் சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக.)