பின் இருக்கை: உண்டு

அலுவலகத்தில் அவருக்கு ‘நிபந்தனை’ என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடங்கள். நாற்காலி, மின்விசிறி, குப்பைத்தொட்டி என்று எதை வாங்குவதானாலும் நிபந்தனைகளை எழுதுகிறவர் அவர்தான். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலதிகாரிக்கு எந்த நாற்காலி பிடித்திருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடிக்க வேண்டும். பிறகு உலகத்தில் அந்த ஒரு நாற்காலியைத் தவிர வேறெதுவும் உள்ளே நுழைய முடியாதபடி நிபந்தனை எழுத வேண்டும். ‘கைப்பிடி இருபத்திரண்டரை சென்டிமீட்டர். நிறம் சாம்பல் கலந்த நீலம். சுழலும்போது ஓசை எழக் கூடாது.’ அப்புறம் ஓர் ஒப்பீட்டு அட்டவணை, மதிப்பெண், குழுவின் கையெழுத்து. ‘வெளிப்படையான போட்டியின் முடிவில்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம். நாற்காலி வந்துவிடும். அதில் உட்காரப் போகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாற்பத்தெட்டாவது வயதில் இந்த மனிதருக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டி வந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினோரு மாதங்களுக்கு முன் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு விடுதி அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வருவாள். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவாள். இடைப்பட்ட பதினைந்து மணி நேரத்தில் தூக்கம் போக மிஞ்சுவது துணி துவைப்பதற்கே சரியாக இருந்தது. அவள் பை கதவோரமாகவே கிடக்கும். அதைத் திறந்து அலமாரியில் அடுக்குவதில் அர்த்தமில்லை என்று அவளுக்கும் தெரியும், பைக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“ஆஸ்பத்திரி குடியிருப்புல ஒரு வீடு காலியாகுதாம். எனக்குத் தர்றாங்க. எடுத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு மாறுதல் கேக்கக் கூடாது.”

“வேண்டாம்னு சொல்லிடு.”

“வாராவாரம் என்னால வர முடியலைங்க. வீடு எடுத்துட்டா மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். இல்லேன்னா இப்படியே செத்துச் சுண்ணாம்பாக வேண்டியதுதான்.”

நிபந்தனை எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அவள் இல்லாத ஆறு நாட்களும் அவர் வீட்டில் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பார் என்பது மகளுக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாது. அவராகச் சொல்ல அவருடைய பதவி இடம் கொடுக்கவில்லை.

“எப்ப முடிவு சொல்லணும்?”

“இன்னும் மூணு வாரம். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள.”

“கையெழுத்துப் போடாதே. நான் வண்டி வாங்கறேன். வாராவாரம் நானே வந்து கூட்டிட்டு வரேன், நானே கொண்டுபோய் விடறேன். ரெண்டரை மணி நேரம். பஸ்ஸாவது மண்ணாங்கட்டியாவது.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுப்பவர்களின் பார்வை, சட்டையோடு நிற்காது.

“சரி, பாக்கலாம்” என்றாள்.

மறுநாளே ‘வாகனத் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், நிபந்தனை. செயலாளர், கல்லூரி மூன்றாம் ஆண்டில் இருந்த மகள். தொழில்நுட்ப உறுப்பினர், மனைவியின் தம்பி. பார்சல் வேன் ஓட்டிப் பத்து வருடமாக நெடுஞ்சாலையைத் தின்றவன். பின்னால் உட்காரப் போகிற மனைவி குழுவில் இல்லை. பயனாளிகளைக் குழுவில் சேர்க்கும் வழக்கம் கொள்முதல் துறையில் என்றைக்குமே கிடையாது.

மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். ஒரு பக்கம் சாம்பல் நிற வண்டி. அகலமான நீள சீட், நிமிர்ந்த ஹேண்டில், முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் பை வைக்கக் கம்பிகள். பார்ப்பதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போல இருந்தது. இன்னொரு பக்கம் சிவப்பு வண்டி. மூக்கு தரையை நோக்கி, வால் வானத்தை நோக்கி. நிற்கும்போதே யாரையோ துரத்திக்கொண்டிருந்தது.

நிபந்தனை சிவப்பு வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. இனி நிபந்தனைதான் பாக்கி.

“சார் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?” விற்பனையாளன் கேட்டான்.

“தூரம் ஒரு பொருட்டில்லை.”

“இல்ல சார், ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு மாடல் இருக்கு. இழுவையும் நல்லா இருக்கும். ஹேண்டில் கொஞ்சம் உசரம், சீட்டும் ஒரே நீளம். பின்னாடி வீட்டுக்காரம்மா...”

“தம்பி, நடுவுல இருக்கறதெல்லாம் முடிவெடுக்கத் தெரியாதவங்களுக்கு.”

ஏறி உட்கார்ந்தார். ஹேண்டிலைப் பிடிக்கக் குனிந்தார். தொப்பை பெட்ரோல் டாங்கின் மேல் பாந்தமாக அமர்ந்தது, அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல.

மச்சான் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “மாமா, சாம்பல் வண்டியில நீங்க உக்காந்தா வண்டி ஓட்டற மாதிரி இருக்கு. இதுல உக்காந்தா கீழ விழுந்த சாவியைத் தேடற மாதிரி இருக்கு.”

“வேகத்துக்குன்னு ஒரு உடல்மொழி இருக்குடா.”

“நூறு கிலோமீட்டர் தாண்டினா வேகம் பேசாது மாமா. முதுகுதான் பேசும்.”

“அப்பாவுக்கு இது பிடிச்சுப்போச்சு. அட்டவணையைச் சீக்கிரம் போடுங்கப்பா, எனக்குப் பரீட்சை இருக்கு” என்றாள் செயலாளர்.

அட்டவணை அன்று மாலையே தயாரானது. இழுவைக்கு முப்பது மதிப்பெண். பிரேக்குக்கு இருபது. வளைவில் சாயும் திறனுக்குப் பதினைந்து. ‘சாலையில் மதிப்பு’ என்ற பெயரில் நிறத்துக்கும் பதினைந்து. மிச்சமிருந்த இருபதை எஞ்சிய அற்ப விஷயங்கள் பங்கு போட்டுக்கொண்டன. ‘ஓட்டுநர் வசதி’ என்ற இடத்தில், ‘மூன்று நிமிடம் அமர்ந்து சோதிக்கப்பட்டது, குறை ஏதும் தென்படவில்லை’ என்று எழுதினார். ‘பின் இருக்கை’ என்ற இடத்தில் இரண்டு வண்டிக்கும் ஒரே பதில்: ‘உண்டு.’ இரண்டுக்கும் தலா ஐந்து. வெளிப்படையான போட்டியின் முடிவில் சிவப்பு எண்பத்தேழு, சாம்பல் ஐம்பத்தொன்று.

“எங்க கையெழுத்துப் போடணும் மாமா? காப்பி ஆறுது” என்றான் தொழில்நுட்ப உறுப்பினர்.

மூன்றாவது ஞாயிறு பகலில் சிவப்பு வண்டி வீட்டு வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

நிபந்தனை தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா என்று இரண்டு தடவை தேவையில்லாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். மனைவி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“நான் எங்க உக்காரணும்?”

“இதோ, இதுதான்.”

“இதுவா? நான் மட்கார்டுன்னு நினைச்சேன்.”

“இது ரேஸ் வடிவமைப்பு. கொஞ்சம் உயரமா இருக்கும். பார்வை நல்லா இருக்கும்.”

“பை?”

பை வைக்க இடமில்லை. முதுகில் மாட்டிக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கி, அவர் தோளைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறினாள். கால் வைக்கும் கம்பி அவ்வளவு உயரத்தில் இருந்ததால் முழங்கால்கள் கிட்டத்தட்ட மோவாய்க்கு வந்தன. மகள் வாசலில் நின்று கையசைத்தாள். சிரிப்பை அடக்கிய கையசைப்பு.

முதல் இருபது கிலோமீட்டர் நிபந்தனையின் வாழ்க்கையிலேயே உன்னதமானவை. அதற்குப் பிறகு ஒரு வேகத்தடை வந்தது. பிரேக்கைத் தொட்டார். இருபது மதிப்பெண் வாங்கிய பிரேக். வண்டி நின்றது, மனைவி நிற்கவில்லை. சரிந்து வந்து அவர் முதுகில் மோதினாள். அவள் தலைக்கவசம் அவர் தலைக்கவசத்தில் ‘டொக்’ என்றது.

“பாத்துப் பிடிச்சுக்கோ!”

“எதைப் பிடிச்சுக்கறது? இங்க ஒன்னுமே இல்லையே!”

லாரி வந்தால் டொக். மாடு வந்தால் டொக். வேகம் எடுத்தால் முதுகுப் பை அவளைப் பின்னால் இழுத்தது. வேகம் குறைத்தால் சீட்டின் சரிவு முன்னால் தள்ளியது. நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்தோம் என்ற நிலையே அந்தப் பயணத்தில் இல்லை. அவர் வேகத்தைக் கூட்டித் தூரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பார்த்தார். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்ஜினை முறுக்கக் கூடாது என்று விற்பனையாளன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். முப்பது மதிப்பெண் இழுவையும் மூட்டைகட்டி உள்ளேயே கிடந்தது. எண்பதுக்கு மேல் போகாமல், சாதாரண வண்டிகளெல்லாம் ஒதுங்கித் தாண்டிப் போக, சிவப்பு வண்டி குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தது.

அறுபதாவது கிலோமீட்டரில் அவருக்கு மணிக்கட்டு வலித்தது. எழுபதில் விரல்கள் மரத்தன. எண்பதில் இடுப்புக்கு மேலே ஒரு புள்ளியில் யாரோ ஸ்க்ரூ முறுக்க ஆரம்பித்தார்கள். நிறுத்தலாமா என்று வாய்வரை வந்தது. தலைவர் முதலில் நிறுத்தினால் தேர்வின் கதி என்ன? பல்லைக் கடித்துக்கொண்டார்.

தொண்ணூற்றைந்தில், ஒரு நாற்சந்திக்குப் பக்கத்தில், அவர் தோளில் தட்டு விழுந்தது.

“நிறுத்துங்க.”

இறங்கியவள் உடனே நிமிரவில்லை. டீக்கடை மேஜையைப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். நிபந்தனை வண்டியிலிருந்து இறங்க முயன்று, முடியாமல், ஏதோ யோசிப்பதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இங்கேருந்து நேர் பஸ் இருக்கு. நான் அதுல போறேன்” என்றாள்.

“இன்னும் பாதிதானே? பழகிடும். சஸ்பென்ஷனைக் கொஞ்சம் மாத்தச் சொல்லி...”

“நான் தினம் முப்பது முதுகெலும்பு பாக்கறவ. எனக்கா பழக்கம் சொல்றீங்க?” கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது. “ஒன்னு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. இந்த வண்டியைப் பாக்கும்போது, நான் எங்க உக்காருவேன்னு ஒரு தடவையாவது நினைச்சீங்களா?”

நிபந்தனையின் வாயில் நான்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. ‘அனைத்து அம்சங்களும் பரிசீலிக்கப்பட்டு’ என்று ஒன்று. ‘குழுவின் ஏகமனதான’ என்று ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் தணிக்கைக்காரர்களையே வாயடைக்க வைத்த வாக்கியங்கள். மரத்துப்போன விரல்களைப் பார்த்தார்.

“நினைக்கலை” என்றார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஏனோ திரும்பவில்லை. பஸ்ஸின் பின்னாலேயே போனார். அது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது. அவரும் நின்றார். அது புகை விட்டது. அவர் வாங்கிக்கொண்டார். பின் கண்ணாடி வழியாக இரண்டு சிறுவர்கள் வண்டியைக் காட்டி ரேஸ் ரேஸ் என்று கத்தினார்கள். மாலை ஐந்தரைக்குப் பஸ் நிலையத்தில் அவள் இறங்கியபோது, அவர் ஒரு தூணில் சாய்ந்து கேள்விக்குறியாக நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“நாளைக்கு வீடு வேணும்னு எழுதிக் குடுக்கப் போறேன்.”

“மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவியா?”

“ஆமா.”

“மத்த மூணு வாரம்?”

“அது உங்க இஷ்டம். வீட்டுல ரெண்டு ரூம் இருக்காம்.”

புது வீட்டுக்கு அவள் மாறிய வாரம், சனிக்கிழமை பகலில் நிபந்தனை தனியாகக் கிளம்பினார். ஐந்து இடத்தில் நிறுத்தினார். ஓரிடத்தில் இளைஞன் ஒருவன் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். “இழுவை பிரமாதம்” என்றார், மைல்கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டே. போய்ச் சேர்ந்தபோது அவளே வந்து ஒரு கை கொடுத்து இறக்கினாள்.

வீட்டில் அவளுடைய துணிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. பை எங்கே என்று தெரியவில்லை. அவர் வந்ததும் வராததுமாக வெறும் தரையில் மல்லாந்தார்.

“சாப்பிட வாங்க.”

“வரேன்.” வரவில்லை. எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

“என்னங்க இது, வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்களேன்.”

“உக்கார முடிஞ்சா உக்கார மாட்டேனா?”

மறுபடி தரையில் படுத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொன்னாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாளை பகல் பன்னிரண்டை நினைத்து அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம்?” என்று கேட்டாள்.

“வருவேன்.” கூரையைப் பார்த்தபடி, ஏதோ வேறு யாருக்காகவோ விசாரிப்பதுபோலக் கேட்டார். “நம்ம ஊர்லேருந்து இங்க வர பஸ்ஸுன்னா எப்படி?”

“ஒன்னே காலுக்கு ஒன்னு இருக்கு. சீட்டு வேணும்னா ஒரு மணிக்கே போய் நிக்கணும். ரெண்டு இடத்துல மாறணும். ரெண்டாவது இடத்துல நம்ம பஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிளம்பிக்கிட்டே இருக்கும். ஓடணும்.”

“பையோடவா?”

“பையோடதான்.”

“வாரா வாரமா?”

“வாரா வாரம்” என்றாள் அவள், தட்டை வழித்துக்கொண்டே.