போர்வை மறைத்த பாதி

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர், ரவுண்டானாவுக்குள் வண்டியை விட்ட நேரம் பார்த்துத்தான் மகனிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் பிரேக் அக்கா போனை எடுப்பதில்லை. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் எந்த நொடி என்ன செய்வார் என்று தெரியாது. கால் அதன்மேல் விழிப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் காலால் வந்த பெயர்தான் இது. சேர்ந்த புதிதில் எல்லாரும் "மேடம்" என்பார்கள். அவள் மிதிக்கிற மிதியில் நாலைந்து முறை நெஞ்சு பெல்ட்டில் இறுகின பிறகு "அக்கா" ஆகிவிடும், முன்னால் பிரேக்கும் ஒட்டிக்கொள்ளும்.

போன் நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும்.

"டாக்டர், ஓரமா நிறுத்துங்க. இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர். பரவால்ல, நிறுத்துங்க."

வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் போனை எடுத்தாள்.

"அம்மா, நீ ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" மகனின் குரல் ஜலதோஷம் பிடித்தவன் குரல் மாதிரி இருந்தது.

"எதைடா?"

"படம் அனுப்பியிருக்கேன், பாரு. நான் சனிக்கிழமை வரேன். ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிட்டுக் கிளம்பறேன். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். நீ ஒண்ணும் பேசாத."

பேசாதே என்று சொல்லிவிட்டு அவனே வைத்துவிட்டான்.

படத்தைத் திறந்தாள். மேலேயிருந்து எடுத்த படம். விடிகாலை வெளிச்சத்தில் ஒரு மொட்டைமாடி, நீலத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் துணிகள். நடுவில் பச்சை நைட்டி போட்ட ஒரு பெண், இரண்டு கைகளையும் அகல விரித்து, முகத்தை லேசாக நிமிர்த்தி நிற்கிறாள். முழங்காலுக்குக் கீழே கொடியில் தொங்கிய போர்வை மறைத்திருந்தது. தொட்டியைப் பார்த்துத்தான் அது தன் வீட்டு மாடி என்று புரிந்தது. நைட்டியைப் பார்த்துத்தான் அது தான் என்று புரிந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது:

‘பிள்ளைகள் பறந்துவிட்ட வீடு இது. தினமும் விடியும்போது இந்தத் தாய் மாடிக்கு வருகிறாள். வராத ஒருவரை அணைத்துக்கொள்ளக் கைகளை விரிக்கிறாள். காற்றுதான் வந்துவிட்டுப் போகிறது.’

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நீங்களா இது? அருமையா வந்திருக்கே!" என்றார். பிறகு கீழே இருந்ததையும் படித்தார். அதற்குப் பிறகு அவர் ஓட்டின ஓட்டம் இருக்கிறதே, அத்தனை நாளில் அப்படி ஓட்டியதில்லை. மயக்க ஊசி போட்ட நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி, ஒரு குலுக்கல் இல்லாமல் அவளை ஓட்டுநர் பள்ளி வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று வேறு சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலத்துக்குள் விஷயம் முழுசாகத் தெரிந்தது. ‘படமும் பின்கதையும்’ என்று போனில் ஒரு குழு. போன இடம், பார்த்த காட்சி, பொழுதுபோக்கு எதையாவது படம் எடுத்துப் போட்டு, அதன் கதையையும் எழுத வேண்டும். ஒருவர் தான் வளர்க்கும் கள்ளிச்செடிகளைப் போடுவார், இன்னொருவர் ஏறிய மலையை, வேறொருவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய பூட்டுகளை. மருமகளும் அதில் இருக்கிறாள். அவள் போடுவது எம்பிராய்டரி. அவள்தான் முதலில் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் கண்டு கணவனிடம் காட்டியிருக்கிறாள். படம் எடுத்தவன் யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாடியை மேலேயிருந்து பார்க்கிற உயரம் தெருவில் ஒன்றுக்குத்தான் உண்டு: எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் கிரேன்.

மருமகள் அனுப்பிய இணைப்பைத் திறந்து, படத்துக்குக் கீழே வந்திருந்த பதில்களைப் படிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. ‘கண் கலங்கிவிட்டது.’ ‘என் அம்மா ஞாபகம் வந்தது.’ அதுவரை பரவாயில்லை. ‘இந்தப் பெற்ற பிள்ளைகள் எல்லாம் மனிதர்களா?’ ‘கடைசிக் காலத்தில் இவனுக்கும் இதுதான்.’ என் பிள்ளையைத் திட்ட நீங்கள் யார் என்று போனைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். போனை மேஜையில் வைத்தாள், எடுத்தாள், கவிழ்த்து வைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். உட்காரலாம் என்று போனால் நாற்காலியிடம் ஏதோ கடன்பட்டவள் போல அதைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள்.

உண்மை என்னவென்றால், அந்தப் போர்வைக்குப் பின்னால் அவள் கால்களில் சக்கரம் இருந்தது.

கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது குப்பைத் தொட்டி ஓரம் தங்கள் பெரிய பையனின் ஸ்கேட்டிங் ஷூவை விட்டுப் போயிருந்தார்கள். எடுத்துத் துடைத்து, யாருக்காவது கொடுக்கலாம் என்று வைத்தவள், ஒரு நாள் இரண்டு சாக்ஸ் போட்டுக் காலை நுழைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. முதலில் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடிக்கம்பம் வரை. விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்பு, புட்டத்தில் கறுப்பாகக் கன்றிய காயம். ஐம்பத்தாறு வயதில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுகிறேன் என்று யாரிடம் சொல்வது? மகனுக்கு, போனில் அவள் இருமினாலே மாத்திரை அனுப்புகிற குணம். தெரிந்தால் ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்தப் படத்தில் கைகளை விரித்திருந்தது விழாமல் இருக்க. அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அதைச் சொன்னால்தானே இது பொய் என்று ஆகும்! சொல்லாவிட்டால் கைவிடப்பட்ட தாய். சொன்னால் கிறுக்குப் பிடித்த தாய். எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் கட்டட வாசலில் போய் நின்றாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, தோளில் கேமரா பையோடு ஒல்லியான ஆள் ஒருவர் வந்தார். நாற்பதுக்குள் இருக்கும்.

"கிரேன் ஓட்டறது நீங்கதானே? மாடியில கை விரிச்சு நின்ன அம்மா நான்தான்."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். "அய்யோ" என்றார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலைங்க. மேல இருந்து பாக்கறப்ப ஆளே தெரியாது. புள்ளி மாதிரி இருப்பாங்க."

"புள்ளிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கதை?"

கிரேன்காரர் தலைக்கவசத்தின் வாரை இழுத்துக்கொண்டே நின்றார். "வெறும் படம் மட்டும் போட்டா அங்க யாரும் பாக்க மாட்டாங்கம்மா. ஒரு கொக்கைப் போட்டாக்கூட அது ஏன் வந்துச்சுன்னு எழுதணும். எனக்கு எங்க போறது கதைக்கு? எங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அதை எழுதிட்டேன்."

"கடைசியா எப்ப போய்ப் பாத்தீங்க?"

அவர் கிரேனை நிமிர்ந்து பார்த்தார். வழியெல்லாம் அவள் கோத்துக்கொண்டு வந்த வசவுகள் அத்தனையும் மறந்துபோயின.

"இப்பவே அழிச்சிடறேங்க."

"அழிச்சா? என் பையன் மனசுல ஏறினது அழியுமா? நாளன்னிக்கு வரான், என்னை மூட்டை கட்டிட்டுப் போக." சொல்லிவிட்டு, எப்படி வந்தது என்று தெரியாமல் மீதியும் வந்தது. சாக்ஸ், குழாய் எல்லாம், புட்டத்துக் காயம் மட்டும் நீங்கலாக. உலகத்தில் முதல் ஆளாக அவரிடம்தான் சொன்னாள்.

கிரேன்காரர் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. வாசல் காவலர் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"இதை எழுதட்டுமாம்மா? முன்ன எழுதினது தப்புன்னு?"

"எழுதினீங்கன்னா கிரேன்ல இருந்து கீழயே இறங்க முடியாது, சொல்லிட்டேன். நானா சொல்ற வரைக்கும் சும்மா இருங்க."

வீட்டுக்குத் திரும்பி அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். விரலால் பெரிதாக்கி முகத்தை மட்டும் பார்த்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. விழுகிற பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்தவள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தினமும் பக்கத்து சீட்டில் பார்க்கிற முகம். இது அது இல்லை. இது வேறு எதுவென்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் எவனும் ஏதாவது ஒரு கதை எழுதத்தான் செய்வான் என்று தோன்றியபோது எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மதியம் மகனும் மருமகளும் மடித்த அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். மகன் இளைத்திருந்தான். வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டவன், விட மறந்தவன் மாதிரி நின்றான். அவள் சாப்பாடு போட்டாள். "ரெண்டு நாள் யோசிக்கலாமேடா" என்றாள். "யோசிச்சு யோசிச்சுத்தாம்மா இவ்ளோ வருஷம் ஆச்சு" என்றான். ஆபீசில் ஒருத்தர் அந்தப் படத்தை அவனுக்கே அனுப்பி, ‘மனசைத் தொட்டது’ என்று எழுதியிருந்தாராம். நான்தான் அந்தப் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவன் எழுந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

மருமகள் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். "அத்தை, இது யாரோடது?"

கையில் ஷூ. ஒரு சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் பையனுடையது என்று சொன்னால் போதும். பாதிப் பொய்கூட இல்லை.

"என்னோடது" என்றாள்.

மகன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். மருமகள் ஷூவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், சட்டென்று போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். "போர்வை!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"உனக்கு என்ன வயசும்மா?" மகன் குரல் ஏறியது. "விழுந்து இடுப்பு ஒடைஞ்சு மாடியில கிடந்தா யாரு பாப்பாங்க? அந்த கிரேன்காரன் படம் எடுப்பான், கதை எழுதுவான். தூக்கறதுக்கு யாரு வருவா?"

"நல்லா இருக்குடா நியாயம். தனியா அழுதேன்னா உனக்குக் கண்ணீர் வருது. சந்தோஷமா சுத்தினேன்னா கோவம் வருது."

"அப்ப அவன் எழுதினது முழுக்கப் பொய்யா?"

அவள் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கட்டில்மேல் உட்கார்ந்தாள்.

"காலையில எழுந்தா வீட்ல ஒரு சத்தம் கிடையாதுடா. பழக்கத்துல உனக்கும் சேத்து ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டு, ஒண்ணைத் திருப்பிக் கவுத்துவேன். இன்னமும். உக்கார முடியாது, படுக்க முடியாது. வேலைக்குப் போற நேரம் வர்ற வரைக்கும் இந்த நாலு சுவத்துக்குள்ள என்ன பண்றதுன்னு தெரியாம, அதனாலதான் மாடிக்குப் போனேன். அது நிஜம். ஆனா அதைக் கட்டிக்கிட்டு ஒரு தள்ளு தள்ளினேன்னா, உன் ஞாபகம்கூட வராது. அதுவும் நிஜம். இதுல எதை நான் உன்கிட்ட போன்ல சொல்ல?"

மகன் டேப்பை இழுத்து ஒரு பெட்டியின் வாயை ஒட்டினான். பெட்டிக்குள் எதுவும் வைக்கவில்லை என்பதை மருமகள் கவனித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு உப்பு, தண்ணீர் என்பதைத் தாண்டவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வண்டி வரும் என்று மட்டும் அவன் படுக்கப் போகும்போது பொதுவாகச் சொன்னான்.

விடிவதற்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம். அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டு காலி. அட்டைப் பெட்டிகளைக் கிளறினாள், அவற்றிலும் இல்லை. கூடத்தில் மகன் படுத்திருந்த பாயும் காலியாக இருந்தது. குப்பைத் தொட்டிக்குத்தான் கொண்டுபோயிருப்பான். தன்னுடையதென்று அவள் எடுத்துக்கொண்டது இந்த வீட்டில் வேறு என்ன இருந்தது? கீழே ஓடப் போனவள், மேலே மாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

படியேறினாள். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் எதிர்க் கட்டடத்தில் ஆளரவம் இல்லை. கொடியில் ஒரு துணிகூட இல்லை. எல்லாம் மடித்துத் தொட்டிமேல் வைத்திருந்தது, பக்கத்தில் அவள் ஷூ. மகன் அவளுக்கு முதுகைக் காட்டி, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டட வேலையிலிருந்து பறந்து வந்து விழுந்த ஜல்லித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் வந்தது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. தொலைந்த கம்மல் திருகைத் தேடுகிறவனைப் போல, உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவி, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தான்.