சுருளிவேல் நேர்ந்த கிடா

என் வீட்டுக்காரர் சுருளிவேலுக்கு இரக்கம் வந்தால் எனக்கு வேலை வரும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

எழுபத்தேழாம் வருடப் புயலில் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தல் பாதி சாய்ந்துவிட்டது. தூக்கிக் கட்டக் கம்பி வாங்கி வருகிறேன் என்று கம்பத்துக்குப் போன மனுஷர், சாயங்காலம் மூன்று வெள்ளாடுகளோடு வந்து நின்றார். இரண்டு நொண்டிப் பெட்டைகள், ஒரு கிடாக்குட்டி. கம்பியைக் காணோம்.

"கேரளா போற லாரிக்காரக, மலையேறுறதுக்குள்ள செத்துரும்னு ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போயிட்டாக. பாவமா இருந்துச்சு மொக்கம்மா."

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு. திராட்சைத் தோட்டத்துக்காரன் வீட்டுல ஆடா?"

அவர் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழிக் குளிரில் கோழிகளே விடிந்தும் பஞ்சாரத்தை விட்டு வர யோசித்தன. விறைத்த விரலோடு பசும்பால் கறந்து குட்டிக்குக் கொடுத்து, ஆடுகளுக்கு நொச்சிப் புகை போட்டு, சாக்கைப் போர்த்திக் கட்டியதெல்லாம் நான்தான். பெட்டைகள் இரண்டும் தேறி, திராட்சைக் கொடியைக் கடிக்க ஆரம்பித்தன. குட்டிக்குச் சளி பிடித்தது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயத்தை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினால், பாதி அதன் வயிற்றுக்கு, மீதி என் ரவிக்கைக்கு. "சனியனே, சனியனே" என்றே திட்டியதில் அதுவே அதற்குப் பேராகிவிட்டது. கூப்பிட்டால் ஓடி வரும்.

ஒருநாள் விடிகாலையில் அது காலை நீட்டிவிட்டது. கண் மேலே செருகிவிட்டது. மடியில் போட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். இவர் தோட்டத்துக் கருப்பசாமி முன்னால் ஓடிப்போய், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"கருப்பா, இது பொழச்சுருச்சுன்னா மாசியில உனக்கே வெட்டுறேன்!"

வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உசுரக் காப்பாத்துன்னு கேட்டுட்டு, அந்த உசுரையேவா தாரேம்பாக?"

"அவசரத்துல வாயில வந்துருச்சு," என்றார். அவர் அப்பா, பாட்டன் எல்லோரும் ஆபத்து என்றால் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். யாருடைய உயிருக்காகக் கேட்கிறோம் என்று இவர் பார்க்கவில்லை.

குட்டி பிழைத்தது. தையில் துள்ளியது. மாசி நெருங்க நெருங்க இவருக்குச் சோறு இறங்கவில்லை. வேறு கிடா வாங்கி விடலாமா என்று பூசாரி ஒச்சாண்டியிடம் கேட்டுப் பார்த்தார். "நேந்தது எதையோ அதைத்தான் கொண்டுவரணும்," என்று அவர் முடித்துவிட்டார்.

சிவராத்திரி முடிந்த காலை, கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போனதும் நான்தான். இவர் பத்தடி பின்னால் வந்தார்.

மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு. துலுக்காமல் வெட்ட மாட்டார்கள். இது துலுக்கவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். அசையாமல் நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. கருப்பனுக்கு மனசு வரவில்லையோ என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒச்சாண்டி குடத்தையே கவிழ்த்தார். மலைக்காற்று வேறு. குட்டி நடுங்கி, லொக்கென்று இருமியது. அந்த இருமலைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மறுபடியும் சளி புடிக்கவா இப்பிடி ஊத்துறீக? ராவும் பகலும் பாத்தவளுக்குல்ல தெரியும்!"

பிடித்த கயிற்றோடு உள்ளே புகுந்து முந்தானையால் அதன் தலையையும் முதுகையும் துடைத்தேன். அது என் கையில் கன்னத்தை உரசியது. பிறகு தலையிலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது.

குலவைச் சத்தம் கிளம்பிவிட்டது.

"சாமிக்குத் துலுக்கலய்யா! நான் தொடச்சதுக்குத் துலுக்குச்சு!"

"ஆருக்குத் துலுக்குனா என்ன ஆத்தா," என்றார் ஒச்சாண்டி, கோபமில்லாமல். "துலுக்கிருச்சுல்ல."

நேர்ந்த மனுஷரைத் தேடினேன். புளியமரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒச்சாண்டி கையை நீட்டிக் காத்திருந்தார். கயிற்றை நான்தான் கொடுத்தேன்.