மூணு லேசர், நாலு கண்

கண் மருத்துவமனை எட்டரைக்குத்தான் திறக்கும். இரட்டைச் சகோதரிகள் ஏழரைக்கே வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பெரியவள் ஜூடோ பயிற்சியாளர். ஏழு நிமிஷம் பிந்திப் பிறந்த சின்னவள் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறாள். எட்டு வயசில் ஒரே நாளில் கண்ணாடி போட்டவர்கள். இப்போது முப்பத்தொன்று, பவர் இருவருக்குமே மைனஸ் ஐந்தரை. அடுப்புக் கதவைத் திறந்தாலே சின்னவளின் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். தட்டை எடுப்பதா, கண்ணாடியைத் துடைப்பதா என்று முழிப்பாள். லேசர் என்று முடிவானதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"லேசிக்தான். ஒரே நாள், அடுத்தடுத்து. நான் முதல்ல," என்றாள் பெரியவள்.

"நீ எதுலதான் என்னை முதல்ல விட்டிருக்கே?"

காலை முழுக்கப் பரிசோதனை. இயந்திரங்களில் முகவாயை வைத்து வைத்துத் தாடை வலித்தது. கடைசியில் டாக்டரம்மா இருவரின் கருவிழிப் படங்களையும் மேஜையில் பரப்பினார்.

"மூணு வழி இருக்கு. லேசிக்குன்னா கருவிழி மேல மெல்லிசா மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ள லேசர் பண்ணிட்டு மூடிடுவோம். ஸ்மைல்ல மூடி கிடையாது. உள்ளுக்குள்ளேயே ஒரு சின்னச் சில்லை லேசர் வெட்டும், அதைக் கீறல் வழியா உருவிடுவோம். இந்த ரெண்டுலயும் ஓரிரு நாள்ல பார்வை வந்திடும். பிஆர்கேல மேல்தோலை எடுத்துட்டு நேரா லேசர். தோல் திரும்ப வளர்ற வரைக்கும் நாலஞ்சு நாள் எரியும், கூசும். முழுசாத் தெளியச் சில வாரம் ஆகும்."

"முதல் ரெண்டுல ஒண்ணு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"தங்கச்சிக்கு எதுவும் ஒத்துவரும். அக்காவுக்குக் கருவிழி மெல்லிசு. பிஆர்கேன்னா செய்றேன், மத்த ரெண்டும் வேணாம். கண்ணுல முழங்கை படற விளையாட்டு வேற. லேசிக் பண்ணா அந்த மூடி நகர்ந்துடலாம்."

பெரியவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "ரிப்போர்ட் மாறியிருக்கும் டாக்டர். எங்களை எல்லாரும் மாத்திக் குழப்பிப்பாங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் அளந்தார். அதே எண்தான் வந்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் சின்னவள் சொன்னாள்: "அப்போ நானும் பிஆர்கேவே பண்ணிக்கறேன்."

"உனக்கு மூளை இருக்கா? ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்தா, யாருக்கு யார் சொட்டு மருந்து விடறது?"

"உனக்கு முன்னாடியே எனக்குப் பார்வை தெளிஞ்சிடும். உனக்குப் பரவாயில்லையா?"

பெரியவள் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் திணித்தாள். "கடுப்பாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா பயமா இல்ல. பிஆர்கேன்னா பிஆர்கே. உன்னுது என்ன, அதைச் சொல்லு."

சின்னவள் திரும்ப உள்ளே போய், அடுப்புச் சூட்டில் நிற்கிறவளுக்கு எது நல்லது என்று கேட்டாள். ஸ்மைலில் கண் வறட்சி பொதுவாகக் குறைவு என்றார் டாக்டரம்மா. அதற்கே கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை இருவருக்கும் முடிந்தது. மறுநாள் காலை சின்னவள் கண்ணாடியைத் தேடிக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஷாம்பு பாட்டிலின் பொடி எழுத்து முதல் எதிர்வீட்டுக் கதவு எண் வரை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். பெரியவள் திரை இழுத்த அறையில், கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்டப் படுத்திருந்தாள்.

"எதிர்வீட்டுக் கொடியில எட்டு கிளிப்பு. ஒண்ணு உடைஞ்சிருக்கு," என்றாள் சின்னவள் ஜன்னலிலிருந்து.

"வாயை மூடு. எரிச்சல் தாங்கல." ஒரு நிமிஷம் கழித்து, "சரி, வேற என்ன தெரியுது?"

மூன்றாம் நாள் எரிச்சல் பெரியவளை ரொம்பப் படுத்தியது. சின்னவள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். புண் ஆறுவதற்காகக் கண்மேல் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தபோது எல்லாம் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்த்தது போல இருந்தது. அப்புறம் மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பதினெட்டாம் நாள் பெரியவள் ஜன்னலில் நின்று, "எட்டு இல்லடி, ஒன்பது. ஒழுங்கா எண்ணத் தெரியாதா?" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டினார்.

டாக்டரம்மா ஆறாவது வாரம்தான் ஜூடோ விரிப்பில் இறங்க அனுமதித்தார். இத்தனை வருஷமும் பெரியவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிராளி வெறும் மங்கல் உருவமாகத் தெரிய, சட்டையைப் பிடித்த கையின் இழுப்பை வைத்தே சண்டை போட்டவள். அன்று முதன்முறையாகச் சண்டைக்கு நடுவே தன் மூத்த மாணவியின் முகத்தை ஒரு கை தூரத்தில் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, புருவத்தை நெரித்து, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி அப்படி ஒரு தீவிரம். பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி மல்லாக்கக் கிடந்தாள்.

மாணவி பதறிக் குனிந்தாள். "அடிபட்டுச்சா கோச்?"

"இல்லம்மா. நீ எப்பவுமே இப்படித்தான் முகத்தை வெச்சுப்பியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள். "வா, இன்னொரு தடவை."