கால் முளைத்த முள்ளங்கி

என் வீட்டுக்காரர் பத்துமலைக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். வாலிபத்தில் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்து நர்சரியில் ரப்பர் கன்று வளர்த்தவர். இப்போது ஈப்போவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அங்கேயே குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாய் விரிக்கிற அளவுக்கு மண் கிடக்கிறது. அதில் அவர் விதை போட்டது எங்கள் மகள் தினேஸ்வரிக்காக.

அவள் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது. அதற்குள் நாங்கள் ஆசைப்பட்டுக் குட்டிச் சட்டையெல்லாம் வாங்கி அடுக்கியிருந்தோம். இந்த முறை வாசலிலேயே சொல்லிவிட்டாள்: எதுவும் வாங்கக் கூடாது, வளைகாப்பு வேண்டாம், பிள்ளையைப் பற்றிய பேச்சே வீட்டில் எழக் கூடாது.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. புரள்கிறதா, உதைக்கிறதா என்று கேட்கத் துடிக்கும்; விழுங்கிவிடுவேன். பெற்ற மகள் இப்படிப் பயந்து பயந்து சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஒரே ஒரு தடவை அவள் வாயால் ‘என் பிள்ளை’ என்று சொல்லிக் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, மார்க்கெட் முள்ளங்கி வெறும் நார், நல்ல முள்ளங்கி போட்ட சாம்பார் வேண்டும் என்றாள். வந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மறுநாளே அவர் முள்ளங்கி விதையும் பாயாம் கீரை விதையும் வாங்கிவந்து நின்றார்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவினார். முள்ளங்கியை மட்டும் கறுப்புப் பைகளில் மண் நிரப்பி முளைக்கவைத்தார். நேராகப் பாத்தியிலேயே போடலாமே என்றேன். நர்சரியில் தான் பார்க்காத கன்றா என்று என் வாயை அடைத்துவிட்டார். நாற்று நாலு இலை விட்டதும் பிடுங்கி, ஆணிவேர் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டுப் பாத்தியில் நட்டார். நர்சரியில் ரப்பர் கன்றுக்கு அப்படித்தான் செய்வார்களாம்.

சாயங்காலம் வேனை நிறுத்தியதும் நேராகப் பின்பக்கம் போய்விடுவார். தினேஸ்வரியும் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கீரை மளமளவென்று வந்தது. ஒரு தடவை அறுத்தும் மறுபடியும் துளிர்த்துவிட்டது. முள்ளங்கி இலையும் தளதளவென்று இருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிடுங்குகிற நாளில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். முதல் முள்ளங்கி விரல் நீளத்துக்கு மேல் இல்லை, அடியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது சற்றுக் குண்டு. அதற்கு இரண்டு கால்கள், ஒன்றின் மேல் ஒன்று போட்டபடி.

“ரப்பருக்குக் கிள்ளலாம்ங்க,” என்றேன். “இதுல நாம திங்கிறதே அந்த வேரத்தானே? அதப் போயி கிள்ளிட்டீங்களே.”

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் சுருங்கிப்போய்விட்டார். முள்ளங்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மார்க்கெட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கி வருவதாக முனகினார். என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தினேஸ்வரி எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானை இல்லாத குறைக்குத் தன் சட்டை நுனியாலேயே மண்ணைத் துடைத்தாள். கால் மேல் கால் போட்டிருந்த அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நாங்கள் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்படித்தாம்பா. கால இங்க வச்சிக்கிட்டு ஒதைச்சுக்கிட்டே இருக்கு லா, என் புள்ள.”

சொன்னது அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், அப்படியே நின்றாள். பிறகு அப்பாவின் மண் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அவர் கையை எடுக்கவே இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மற்ற முள்ளங்கிகளையெல்லாம் நறுக்கிச் சாம்பார் வைத்தேன். அந்த இரண்டு கால் முள்ளங்கியை நறுக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தினேஸ்வரி மெல்லக் கேட்டாள்:

“அந்தச் சின்னச் சட்டையெல்லாம் எங்கமா வச்சிருக்கீங்க? தொவைச்சுக் காயப்போடணும்.”

அலமாரியின் மேல்தட்டில் என்றேன். அவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.