படைப்பதற்கு முன்

வேலை முடிந்து பமேலா மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது, பூட்டியிருந்த வீட்டுக்கு வெளியே பிள்ளைகள் இருவரும் பள்ளி உடுப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோனாஸ் அழுது ஓய்ந்திருந்தான். பள்ளி விட்டால் அவர்கள் பக்கத்து வீட்டு மலர்க்கொடியிடம் இருப்பதுதான் வழக்கம். ஜோனாஸ் தவழ்ந்த நாளிலிருந்து அப்படித்தான். மலர்க்கொடியின் கதவும் திறந்துதான் கிடந்தது.

"ஏன் வெளிய இருக்கீங்க? பெரியம்மா வீட்டுல இல்லையா?"

"இருக்காங்க. ஆடி வெள்ளின்னு பொங்கல் கொடுத்தாங்க மம்மி. சாமிக்கு வச்சத நாங்க சாப்பிட மாட்டோம், அது பாவம்னு சொல்லிட்டேன்" என்றாள் ஷெர்லீன். எட்டு வயது முகத்தில் அத்தனை பெருமை. "தம்பி வாங்கிட்டான். நான் தட்டி விட்டேன். எல்லாம் கீழ கொட்டிருச்சு."

பமேலாவுக்குக் காலிலிருந்த வலியெல்லாம் தலைக்கு ஏறியது. கணவன் சாமுவேல் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான், ஞாயிறு ஒரு நாள் வருவான், வந்தால் தூங்குவான். அவளுக்குத் தொழிற்சாலையில் பாதி ஞாயிறுகள் ஷிப்ட். தெங்கேரா தேவாலயத்தில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆளில்லை. 'வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள் சகோதரி' என்று போதகர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்வது சுலபம். சோறு வேகும் நேரத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே, படம் போட்ட வேதாகமத்தை விரித்து வைத்து அவள் சொல்லிக் கொடுத்து வந்தாள். நேற்று வந்தது, அரசன் கொடுத்த சாப்பாட்டைத் தொட மாட்டோம் என்று காய்கறியும் தண்ணீரும் கேட்டு வாங்கிய பிள்ளைகளின் கதை. "நாமளும் அப்படி இருக்கணுமா மம்மி?" என்று ஷெர்லீன் கேட்டாள். குக்கர் விசில் அடித்தது. "ஆமா, ஆமா, அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பமேலா எழுந்து போனாள். பாடம் முடிந்தது.

பமேலாவின் அம்மா, சாமிக்குப் படைத்த சாப்பாட்டைக் கையால்கூடத் தொடாதவள். பமேலா அவ்வளவு கெட்டியில்லை. மலர்க்கொடி கொடுத்ததையெல்லாம் வாங்கித் தின்றிருக்கிறாள், படைத்ததா என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே.

அவள் பக்கத்து வீட்டுக்குள் போனாள். பிள்ளைகள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். மலர்க்கொடி ஈரத்துணியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெல்லம் ஒட்டிய இடத்தில் எறும்பு வந்திருந்தது.

"அக்கா, சின்னப் புள்ள. தெரியாம பேசிருச்சு."

"தெரியாமலா? நல்லாத் தெரிஞ்சுதான் பேசுச்சு. உள்ள வாங்கன்னு எத்தனவாட்டி கூப்பிட்டேன், வரலையே. கதவத் தெறந்து வச்சிக்கிட்டு இங்கேருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன்." துணியைப் பிழிந்தாள். "ஒன்னு சொல்றேன் பமேலா. அடுப்புலேருந்து எறக்குனதும் மொதல்ல உன் புள்ளைங்களுக்குத்தான் எடுத்து வைப்பேன். அப்புறம்தான் அம்மனுக்கு. எங்கம்மா பாத்திருந்தா வெளக்கமாத்தாலேயே அடிச்சிருக்கும். உங்களுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாளாச்சும் படைச்சத கொடுத்திருப்பேனா?"

தான் கேட்கப் பயந்த கேள்விக்கு இந்தப் பெண் இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாமல் பதில் செய்துகொண்டிருந்திருக்கிறாள். பமேலாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைலேருந்து வேற எடம் பாத்துக்கம்மா" என்றாள் மலர்க்கொடி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எதக் கொடுக்கலாம், எது பாவம்னு பயந்து பயந்து என்னால புள்ள வளக்க முடியாதுலா."

நாளைக்குக் காலையில் வேலை. இவர்களை யாரிடம் விடுவது? அந்த நேரத்திலும் அந்தக் கணக்குதான் முதலில் வந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகுதான் மலர்க்கொடியின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அழுதிருந்தாள்.

பமேலா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கொஞ்சம் போடுங்கக்கா. பசிக்குது."

"உங்களுக்கு எடுத்து வச்சது தரையில போச்சு. பானையில இருக்கறது அம்மனுக்குக் காட்டுனது."

"தெரியும். போடுங்க."

மலர்க்கொடி எழுந்து போய்ப் பானையை எடுத்து வந்து, ஒரு கரண்டி நிறைய அள்ளினாள். பமேலா கையை நீட்டினாள். மலர்க்கொடி போடவில்லை. கரண்டி கைக்கு மேலேயே நின்றது.

"புள்ளைங்க பாக்குதுங்க" என்றாள் மலர்க்கொடி மெதுவாக.

"மம்மி?" என்றாள் வாசலில் ஷெர்லீன்.

பமேலா திரும்பவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கரண்டியின் விளிம்பில் திரண்டிருந்த நெய், ஒரு சொட்டாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.